தபால் பை ஏறாத தபால் பஸ்

தபால் பஸ் மாடல் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது தபாலைத்தான். பெயின்ட், ஹெட்லைட், நம்பர் பிளேட் எல்லாம் அப்புறம். பேருக்குத் தபால் பஸ் என்று போட்டுவிட்டு, ஒரு பை வைக்கக்கூட மூலை விடாமல் சீட்டாக அடுக்கியிருந்தால் அதை டூரிஸ்ட் வண்டி என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரே அளவுகோலோடு இரண்டு வண்டிகளை மேசைமேல் நிறுத்திப் பார்த்தேன். ஒன்று, ஆல்ப்ஸ் மலையில் ஓடிய மஞ்சள் நிறச் சுவிஸ் தபால் பஸ்ஸின் 1:43 உலோக மாடல். இன்னொன்று, பந்தல்குடியில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி ஃபோம் ஷீட்டில் செய்த மூக்கு வச்ச ரூட் பஸ். நீளத்தில் இரண்டாவது முதலாவதைப்போல நாலு மடங்கு. விலையில் அப்படியே தலைகீழ்.

சுவிஸ் வண்டியை முதலில் பார்த்துவிடுவோம். பெட்டியைத் திறந்து தூக்கினால் கனம் தெரிகிறது. உடம்பு துத்தநாகக் கலவையில் வார்த்தது, அடித்தட்டு பிளாஸ்டிக், இரண்டையும் பிடிக்க அடியில் ஸ்குரூ. அசல் வண்டி சௌரர் எல்4சி. போடன் ஏரிக்கரையில் ஆர்போன் என்ற ஊரிலிருந்த சௌரர் கம்பெனி, 1950-களில் சுவிஸ் தபால் துறைக்காகத் தயாரித்த மலைப்பாதை ரகம். மாடல் வந்தது பிரான்சில் பத்திரிகையோடு சேர்த்து விற்ற உலக பஸ் வரிசை ஒன்றில். இப்போது கிடைப்பது பெரும்பாலும் கைமாறி வருவதுதான். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

43-ல் ஒரு பங்கு என்பது என்ன கணக்கு என்று புதிதாகச் சேகரிப்பவர்கள் கேட்பார்கள். பொம்மை ரயில்காரர்கள் வைத்த கணக்கு அது. ஓ கேஜ் ரயிலில் அசலின் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். ஓர் அடி 304.8 மில்லிமீட்டர்; ஏழால் வகுத்தால் 43.5. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிறுத்தக் காரும் லாரியும் வேண்டுமே என்று டிங்கி போன்ற கம்பெனிகள் அதே அளவில் செய்யப்போய், ரயில் ஒதுங்கிக் கார் நிலைத்துவிட்டது. அதில் பாதி அளவுதான் எச்ஓ, அதாவது 1:87. ஐரோப்பாவில் தபால் பஸ் சேகரிப்பவர்களில் இடம் இல்லாதவர்கள் அந்தச் சின்ன அளவுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது கண்ணுக்கு எட்டாது.

மாடலின் ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கிறது. நம் கண்ணுக்கு அது வித்தியாசமாகவே படாது. வண்டி எந்த நாட்டுக்காரன் வண்டி என்று நினைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். சுவிட்சர்லாந்தில் சாலையின் வலது பக்கம் ஓட்டுவார்கள். டிரைவர் இடது பக்கம் உட்காருவதுதான் முறை. ஆனால் ஒற்றைப் பாதையான மலை ரோட்டில் எதிர் வண்டிக்கு ஒதுங்கும்போது, சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எத்தனை விரல்கடை மிச்சம் என்று டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தாக வேண்டும். அதனால் மலைக்குப் போகும் வண்டிகளில் வெகுகாலம் ஸ்டீயரிங்கை வலது பக்கமே வைத்திருந்தார்கள். மாடல் செய்தவர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். இதற்கு முழு மதிப்பெண்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் தபால் கொம்புச் சின்னம் மை கசியாமல் அச்சாகியிருக்கிறது. அந்தக் கொம்புக்கு ஒரு கதை உண்டு. குதிரை வண்டிக்காலத் தபால்காரன் ஊதிய கொம்பை மோட்டார் வண்டியிலும் விடாமல், 1920-களில் மூன்று சுர ஹாரனாக மாற்றிக்கொண்டார்கள். ரோசினி 1829-ல் அரங்கேற்றிய 'வில்லியம் டெல்' இசை நாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. மலைத் தபால் சாலை என்று பலகை வைத்த ரோடுகளில் இன்றும் அந்த ஹாரன் ஒலிக்கிறது; அங்கே தபால் பஸ் டிரைவர் ஒதுங்கு என்றால் மற்ற வண்டி ஒதுங்க வேண்டும், பின்னால் போ என்றால் போக வேண்டும். நம்ம ஊர் ஏர் ஹாரனுக்கு இப்படி ஒரு சட்ட அந்தஸ்து கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இனி குறைகள். முன்கண்ணாடியும் வைப்பரும் ஒரே வார்ப்பு. வைப்பருக்குக் கறுப்பு தடவிவிட்டு விட்டுவிட்டார்கள். சீட்டுகள் ஒரே துண்டாக, ஒரே நிறத்தில். கதவு திறக்காது. இந்த விலைக்கு இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு: பின்சுவர் வரைக்கும் சீட். தபால் எங்கே? அசலில் பின்புறமும் கூரையும் மூட்டைகளுக்கு இடம் கொடுத்தன, கூட்ட நாளில் மஞ்சள் நிறத்திலேயே ஒரு இழுவை வண்டி பின்னால் தொற்றிக்கொள்ளும். அந்த இழுவை வண்டி மட்டும் சேர்ந்து வந்திருந்தால் இந்த விமர்சனம் இங்கேயே முடிந்திருக்கும்.

தபால் பஸ் என்று உலகம் சொல்வதில் மூன்று ஜாதி உண்டு. மாடல் வாங்குகிறவர் இதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. சுவிஸ் முறையில் பஸ்ஸே தபால் துறையின் சொத்து. 1906 ஜூன் 1-ஆம் தேதி பெர்ன் நகரிலிருந்து டெட்லிகனுக்கு முதல் மோட்டார் தபால் பஸ் ஓடியது முதல் இன்றுவரை அந்த மஞ்சள் வண்டிகள் ஓடுகின்றன. ஜெர்மனியில் இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1905-ல், பவேரியாவின் பாட் டோல்ஸ் – லெங்கிரீஸ் தடத்தில் தொடங்கிவிட்டார்கள். 1980-களில் தபால் துறை பஸ் தொழிலையே விட்டது. பிரிட்டிஷ் முறை வேறு. கடிதம் எடுக்கப் போகும் வேனில் நாலு சீட்டைப் போட்டு, பஸ் வராத கிராமத்து ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். 1967 பிப்ரவரியில் வேல்ஸில் ஆரம்பித்த அந்த ஏற்பாடு 2017-ல் ஸ்காட்லாந்தில் முடிந்தது. அங்கே தபால் வண்டிக்குள் மனிதன் விருந்தாளி.

நம்முடையது மூன்றாவது ஜாதி. இங்கே மனிதர் வண்டிக்குள் தபால் விருந்தாளி. தனியார் முதலாளியின் பஸ்ஸோ, பின்னால் வந்த அரசு பஸ்ஸோ, தபால் துறை காசு கொடுத்துப் பையை ஏற்றிவிடும். காலை பஸ்ஸில் பை வந்தால் அது மெயில் பஸ். அதே வண்டி மதியம் திரும்பி வரும்போது சும்மா பஸ். தனி நிறம் கிடையாது, கொம்பு கிடையாது, பக்கவாட்டில் எழுத்து கிடையாது. பஸ் மாடல் செய்கிற எந்தக் கம்பெனிக்கும் இது தலைவலி. அலமாரியில் வைத்தால் பார்க்கிறவனுக்கு இது தபால் பஸ் என்று எப்படித் தெரியும்? பையை வைத்தால்தான் தெரியும். பையே இல்லாத மாடல், நம்மைப் பொறுத்தவரை, வெறும் பஸ்.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே இந்தக் கரிசல் காட்டில் அந்தப் பையின் மதிப்பு என்ன என்பதை ரோட்டைப் பார்த்தால் ஊகிக்கலாம். இன்று மதுரை – தூத்துக்குடி நாலுவழிச் சாலை பந்தல்குடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் விடாமல் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் புதூர், நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கமும் திருச்சுழி, கமுதி பக்கமும் கிளை ரோடுகளில் ஒரு மழை பெய்தால் கரிசல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பஸ் வந்தால் தபால், வராவிட்டால் இல்லை. மானாவாரிக் காட்டில் விளையாத வருஷம் பிழைக்கப் போன பிள்ளை அனுப்பும் மணியார்டரும் அந்தப் பையோடுதான் வந்தது. (பழைய மணியார்டர் 2015-ல் நின்றுபோனது.) ரயிலில் வந்த கட்டுகள் அருப்புக்கோட்டையில் பிரிந்து பஸ் ஏறும், ஊரில் இறங்கிய பை அங்கிருந்து கிளை அஞ்சலகங்களுக்குச் சைக்கிளிலோ கால்நடையாகவோ போகும்.

இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பஸ்ஸடியில் நின்று பை வாங்கிய பெரியவர் ஒருவரிடம், பை எங்கே கிடக்கும் என்று கேட்டேன். மாடலுக்கு அது முக்கியம் என்பதையும் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"மூக்கு வண்டியில டிரைவருக்கு எடப்பக்கம், கால்மாட்டுல போட்டுருவாக. பின்னாடி தட்டை மூஞ்சி வண்டி வந்துச்சுல்லா, அதுல இன்ஜின் பொட்டி மேல. சாக்கை மடிச்சு அடியில போட்டுத்தான் வைக்கணும். இல்லாட்டி அரக்கு எளகிரும் தம்பி. முத்திரை எளகுன பையைப் போஸ்ட்மாஸ்டர் கையால தொட மாட்டாரு."

இந்த நாலு வரிதான் எனக்கு வேண்டிய வரைபடம். எந்தப் பத்திரிகைத் தொடரும் இதைத் தராது.

படத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த சிக்கல். 1937-ல் வந்த ஆறாம் ஜார்ஜ் தபால்தலை வரிசையில் தபால் போகும் வழிகளையெல்லாம் வரைந்திருக்கிறார்கள்: ஓடுகிற தபால்காரன், மாட்டு வண்டி, டோங்கா, ஒட்டகம், ரயில், கப்பல், விமானம். 8 அணாத் தலையில் மோட்டார் வண்டி வருகிறது, ஆனால் அது லாரி. தபால்தலையிலேயே பஸ் ஏறவில்லை! 1911-ல் மதுரையில் ஆரம்பித்த டி.வி.எஸ். கம்பெனியின் பஸ்கள் தென்மாவட்டம் முழுக்க ஓடிய காலத்துப் படங்கள் சில கிடைக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய வண்டிகளின் படங்களும் உண்டு. எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறம் என்ன என்று ஐந்து பெரியவர்களைக் கேட்டால் ஐந்து நிறம் சொல்வார்கள், ஐந்து பேரும் சத்தியம் செய்வார்கள். 1972-ல் அரசு எடுத்துப் பாண்டியன் ரோடுவேஸ் ஆன பிறகு நிறக் குழப்பம் கொஞ்சம் குறைகிறது. நம்ம தம்பி இந்தச் சண்டைக்கே போகவில்லை. கேசரி நிறமும் பழுப்பும் கலந்து, 'ஏதோ ஒரு தனியார் கம்பெனி' என்று விட்டுவிட்டார். புத்திசாலித்தனம்.

அந்த வண்டிக்கு வருவோம். இரண்டரை அடி நீளம். முப்பத்தைந்து அடி ரூட் பஸ்ஸை அதற்குள் அடக்கினால் 14-ல் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் இன்று பஸ் மினியேச்சர் செய்கிற பையன்கள் ஏராளம். பெரும்பாலும் இன்றைய அரசு பஸ்ஸோ ஆம்னி பஸ்ஸோதான். மூக்கு வண்டி செய்ய ஆள் குறைவு. காரணம் மூக்குதான். தட்டை முகம் என்றால் ஷீட்டை நறுக்கி ஒட்டிவிடலாம். மூக்கு இரண்டு பக்கமும் வளைய வேண்டும், முன்னால் ஒடுங்க வேண்டும். 5 மில்லி ஃபோம் ஷீட்டின் உள்பக்கம் அரைக்கால் இஞ்சுக்கு ஒரு கீறல் போட்டு வளைத்திருக்கிறார். தூர நின்று பார்த்தால் வளைவு. விரலால் தடவினால் ஒவ்வொரு கீறலும் படிக்கட்டாக நிற்கிறது. மேலே சார்ட் பேப்பரை ஃபெவிக்காலில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டி, உப்புக் காகிதம் போட்டிருந்தால் மறைந்திருக்கும். இந்த வண்டியின் பெரிய குறை இதுதான்.

சக்கரம்தான் அசத்தல். அந்தக் காலத்து லாரி டயர் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். 14-ஆல் வகுத்தால் 7 சென்டிமீட்டருக்கு மேல் வரும். பிளம்பிங் கடையில் விற்கும் 75 மில்லி பிவிசி பைப்பை வளையம் வளையமாக வெட்டி, மேலே பழைய சைக்கிள் ட்யூபைப் போர்த்தியிருக்கிறார். அளவு கச்சிதம். "தேடிப் போனதில்லண்ணே, வீட்டுல பாத்ரூம் வேலை நடந்துச்சு, மிச்சம் கெடந்துச்சு" என்றார். பின்னால் இரட்டைச் சக்கரம் போட மறக்கவில்லை. டிரைவர் ஜன்னல் ஓரம் தொங்கும் ரப்பர் ஹாரனுக்கு இங்க் பில்லரின் ரப்பர் குமிழ். நிஜமாகவே அமுக்கலாம். சத்தம் வராது, காற்று வரும்.

ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, சரி. பழைய வண்டிகளில் மழைக்குப் படுதாதான். கறுப்பு ரெக்சின் துண்டைச் சுருட்டி மேலே நூலால் கட்டியிருக்கிறார். நூலை இழுத்தால் இறங்குகிறது. பக்கத் தகடுகளின் ரிவிட்டுக்கு ஷீட்டின் பின்பக்கமிருந்து காலியான பால்பாயின்ட் ரீபிள் முனையால் குத்தி எடுத்த புள்ளி வரிசை. விரல் வைத்தால் உணர முடிகிறது. சுவிஸ் மாடலில் இந்தச் சுகம் கிடையாது. அங்கே பெயின்ட் தடிமனில் பாதி ரிவிட் மூழ்கிவிட்டது.

எழுத்தில் மட்டும் தடுக்கிவிட்டார். போர்டு ஸ்டிக்கர் கடையில் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியது. 1960-களின் வண்டிக்கு அந்த எழுத்துரு ஒட்டாது; பெயின்டர் கையால் எழுதிய கோணல் வேண்டும். உள்ளே 'தலை, கைகளை வெளியே நீட்டாதீர்கள்' என்று வேறு ஒட்டியிருக்கிறார். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் முன்பு 'லை'யும் 'ளை'யும் துதிக்கை தூக்கி நின்றன. அந்தக் காலத்து வண்டிக்குள் இந்தக் காலத்து 'லை' இருப்பது, தெரிந்தவன் கண்ணில் முள். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, விளாத்திகுளம் என்ற ஊர்ப் பெயர்களில் மாறிய எழுத்து ஒன்றும் இல்லை என்பதால் வெளிப் போர்டு தப்பித்தது. சொன்னதும் தம்பி தன் தாத்தாவின் பழைய பாடப் புத்தகத்தைத் தேடிப் போய்விட்டார்.

தபால் பை? இதிலும் இல்லை. ஆனால் சுவிஸ் வண்டியைப்போல வழியடைத்து வைக்கவில்லை. டிரைவருக்கு இடப்பக்கம் ஒற்றை சீட் போட்டிருந்தார், அதைப் பெயர்த்து எடுக்க முடிந்தது. அங்கேயே உட்கார்ந்து பை செய்தோம். இதை விரிவாகச் சொல்கிறேன், வேறெங்கும் கிடைக்காது.

இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த அசல் பையை, முக்கால் மீட்டர் என்று வையுங்கள், 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர் வருகிறது. சாக்குத் துணியிலேயே செய்யலாம் என்று தோன்றும். கூடாது. சாக்கின் இழை இந்த அளவில் வடக்கயிறாகத் தெரியும். மல் துணியைக் கடுங்காப்பி டிகாக்‌ஷனில் ஊறவைத்துக் காயப்போட்டால் வெயில் பட்டுப் பழுத்த கான்வாஸ் நிறம் வருகிறது. உள்ளே பஞ்சு அடைத்தால் தலையணையாகிவிடும். கடிதக் கட்டு போட்ட பைக்கு மூலை முட்ட வேண்டும். தடித்த அட்டையைச் சின்னச் சின்னச் செவ்வகமாக நறுக்கி, நாலைந்தை நூலால் கட்டி, மிச்ச இடத்துக்கு ரவையைக் கொட்டினோம். ரவை தழைந்து உட்கார்ந்து பைக்கு ஒரு சோம்பல் கொடுக்கிறது. கழுத்தைத் தையல் நூலால் இறுக்கி, முடிச்சின்மேல் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு. அது காயும் தறுவாயில் சட்டைப் பொத்தானின் விளிம்பால் ஒரு அழுத்து. அரக்கு முத்திரை தயார். அடியில் மடித்த சாக்குக்கு மட்டும் நிஜச் சாக்கிலிருந்து உருவிய இழைகளைப் பசையில் பதித்துக்கொண்டோம். பையை வைத்ததும் அதுவரை அழகான பழைய பஸ்ஸாக இருந்தது, பார்த்த மாத்திரத்தில் மெயில் பஸ் ஆகிவிட்டது.

சுவிஸ் வண்டிக்கும் இதே வைத்தியம் செய்யலாம். 1:43-க்குப் பை 17 மில்லிமீட்டர்தான். துணி உதவாது. டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த பசையில் நனைத்து முறுக்கி, முத்திரைக்கு ஊசி முனையில் பெயின்ட் தொட வேண்டும். அடித்தட்டைக் கழற்றிக் கடைசி வரிசை சீட்டை அறுத்து எடுக்கத் துணிவு இருந்தால் நாலு பை அடுக்கலாம். சேகரிப்பவர்கள் பாஷையில் இப்படி வெட்டி ஒட்டியது 'கோட் 3'. கம்பெனி போட்டபடி இருப்பது 'கோட் 1'. அறுத்ததும் மறுவிற்பனை மதிப்பு சரியும். விற்பதற்காக வாங்குகிறவர் ரம்பத்தைத் தொடாதிருப்பது நல்லது.

கடையில் ரெடியாக ஏதாவது கிடைக்காதா என்றால், நெருங்கி வருவது சிலதுதான். டிங்கி 1949-ல் விட்ட லேலண்ட் காமெட் லாரியின் மூக்கு, பிற்பாடு எண்ணூரில் அசோக் லேலண்ட் போட்ட காமெட் குடும்பத்தின் மூக்கு. மேலே பஸ் உடம்பைக் கட்டினால் ஆரம்பம் நன்றாக இருக்கும், ஆனால் நல்ல நிலையில் உள்ள பழைய டிங்கியை வெட்ட மனசு வராது. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாடா–மெர்சிடிஸ் வண்டிகளுக்கு ஜெர்மன் மூக்கு லாரி மாடல்கள் உறவு. இந்தியாவிலேயே, டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கிக் கல்கத்தாவில் செய்த நிக்கி டாய்ஸ் வரிசையில் ஸ்டாண்டர்ட் 20 மினிபஸ் ஒன்று உண்டு. அசல் வண்டி சென்னையில் தயாரானது. பெயின்ட் உதிர்ந்த நிக்கிக்கே இப்போது மவுசு. வெளிநாட்டிலிருந்து வியாபாரிகள் புதிது இறக்குவதும் சுலபமில்லை: பொம்மைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது, அந்த வரித் தலைப்பில் அளவு மாடல்களும் அடக்கம். கடைக்காரர்கள் வேகமாக விற்கும் காரைக் கொண்டுவருவார்களே தவிர, யாரோ இரண்டு பேர் கேட்கும் தபால் பஸ்ஸைக் கொண்டுவர மாட்டார்கள்.

நம்ம ஊர் வெயிலில் வைத்துக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை. உலோக மாடலுக்கு வெயிலைவிட எதிரி அதன் டயர். மென்மையான பிளாஸ்டிக் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை, சூட்டில் காட்சிப் பெட்டியின் அடித்தட்டைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு கோடை கழித்துத் தூக்கினால் டயரின் அச்சு தட்டில் இருக்கும். அச்சாணிக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்துச் சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்தினால் தப்பலாம். பழைய உலோக மாடல் வாங்கினால் உடம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்; வார்க்கும்போது துத்தநாகத்தில் ஈயம் கலந்துவிட்டால் காலப்போக்கில் உள்ளிருந்தே பொரிந்து உதிரும், அதற்கு மருந்து கிடையாது. ஃபோம் வண்டிக்கு வெயில் நேரே பட்டால் ஒட்டு விடும், தகடு பிதுங்கும். கரிசல் தூசி இரண்டுக்கும் பொது. ஈரத் துணியால் துடைத்தால் சேறாகி ரிவிட்டில் இறங்கிவிடும். காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும்.

சுவிஸ் மாடலுக்குக் கொடுத்த காசுக்கு ஊரில் ஒரு நல்ல பழைய சைக்கிள் வாங்கலாம். ஃபோம் வண்டிக்குச் சாமான் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. கூலியைக் கேட்டால் தம்பி சிரிக்கிறார், கொடுப்பவர் மனசு என்கிறார். இந்தப் பழக்கம் அவருக்கு நல்லதில்லை. ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து ஒரு மாதத்துக்கு மேல் செய்த வேலைக்கு விலை சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும், வாங்குகிறவர்களும் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். வழவழப்பும் வார்ப்புச் சுத்தமும் வேண்டுமென்றால் மஞ்சள் வண்டி. அந்த வகையில் அது நல்ல சாமான், இழுவை வண்டி எங்காவது தனியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. தபால் பஸ் வேண்டுமென்றால், அதுவும் நம்ம ஊர்த் தபால் பஸ், செய்யச் சொல்லித்தான் வாங்க வேண்டும். என் ஓட்டு அதற்கே.

ஆர்டர் கொடுப்பவர்கள் மூன்றை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மூக்கின்மேல் சார்ட் பேப்பர் போர்வை. போர்டும் உள்ளெழுத்தும் கையால், பழைய எழுத்தில். டிரைவருக்கு இடப்பக்கம் அந்த ஒற்றை சீட்டை ஒட்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெவிக்விக் போட்ட பிறகு பெயர்த்தால் தரைத்தகடும் சேர்ந்து கையோடு வந்துவிடும், எங்களுக்கு வந்தது.